கேட்டுக்கு மோட்டார் போடுமுன்: எந்த வகை, எந்த மின்சாரம், எவ்வளவு பாதுகாப்பு

தானியங்கி கேட் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் எடையையும் விலையையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். 400 கிலோ கேட்டுக்கு 600 கிலோ இழுக்கும் மோட்டார் வாங்கிவிட்டால் கவலை இல்லை என்று ஒரு நம்பிக்கை. எடை முக்கியம்தான், ஆனால் அது கடைசியில் பார்க்க வேண்டியது. கேட் எப்படி நகர்கிறது, தரை எந்தப் பக்கம் சாய்கிறது, காற்று எவ்வளவு அடிக்கிறது, கரண்ட் போனால் என்ன ஆகும், குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் முதலில் பார்த்துவிட்டால், எந்த மோட்டார் என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

அதற்கும் முன்னால், இருக்கும் கேட்டைக் கையால் நகர்த்திப் பாருங்கள். ஒரு கையால், உடம்பைச் சாய்க்காமல் தள்ளினால் முழுத் தூரமும் ஒரே சீராக நகர வேண்டும். நடுவில் எங்காவது பிடித்தால், கடைசி ஓர் அடியில் தூக்கிவிட வேண்டியிருந்தால், தரையில் உரசிய கோடு தெரிந்தால், அந்த கேட் மோட்டாருக்குத் தயாராக இல்லை. பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. கொக்கியைக் கேட்டில் மாட்டி மெல்ல இழுத்து, முள் எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். நல்ல சக்கரமும் சுத்தமான தண்டவாளமும் உள்ள 400 கிலோ ஸ்லைடிங் கேட் (பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும் வகை) சுமார் 10 கிலோ இழுப்புக்கே நகர்ந்துவிடும். 30, 40 கிலோ காட்டினால் பேரிங் போயிருக்கிறது அல்லது தண்டவாளம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் பெரிய மோட்டாரை மாட்டினால், அது கொஞ்ச நாள் இழுக்கும், அப்புறம் பற்சக்கரம் தேயும். அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. அந்த உராய்வை வெல்வதற்காக விசையைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கும். விசையைக் கூட்டி வைத்த கேட், குறுக்கே எது வந்தாலும் லேசில் நிற்காது.

ஆகவே பழைய கேட்டைச் சரிசெய்வதா, புதிதாகவே செய்வதா என்பதுதான் முதல் முடிவு. கீல் தொங்கிப்போன இரும்பு கேட்டுக்குப் புதுக் கீல் வைத்து, தூணில் அதன் பிடிமானத்தைப் பலப்படுத்தினால் போதும் என்ற நிலை பல வீடுகளில் இருக்கும். தூணே ஆடுகிறது என்றால் வேறு வழியில்லை, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மோட்டார் தூணைத் தினமும் பல முறை இழுத்துத் தள்ளும், கை தள்ளுவதுபோல விட்டுக்கொடுத்துத் தள்ளாது.

ஸ்லைடிங்கா, ஸ்விங்கா

இரண்டு வகையும் போட இடம் இருந்தால் ஸ்லைடிங் கேட்டைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். பக்கவாட்டில் இடம் இல்லாவிட்டால் மட்டும் ஸ்விங், அதாவது கீலில் சுழன்று கதவுபோலத் திறக்கும் வகை. அதற்கு முக்கியக் காரணம் காற்று.

தகடு அடித்து முழுவதும் மூடிய ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். அகலம் 2 மீட்டர், உயரம் 1.8 மீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக அடித்தால் அந்தக் கதவின் மேல் ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழுகிறது. கீலிலிருந்து 1 மீட்டர் தள்ளி, கதவின் நடுவில் விழுவதாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் மோட்டாரின் கை பிடித்திருப்பது கீலுக்கு மிக அருகில், நெம்புகோல் கணக்கில் 15 சென்டிமீட்டர் தூரத்தில். அங்கிருந்து அந்தக் காற்றை எதிர்த்து நிற்க மோட்டார் 330 கிலோவுக்கும் மேல் தள்ள வேண்டும், அதாவது சுமார் 3,300 நியூட்டன். வீட்டு உபயோக ஸ்விங் மோட்டார்கள் பல 1,500 முதல் 3,000 நியூட்டன் வரைதான் தரும். எனவே பலத்த காற்றில் கதவு பாதியில் நின்றுவிடும், அல்லது தடை இருப்பதாக நினைத்துத் திரும்பிப் போகும். எடை அட்டவணையில் இந்தக் கேட் 'தாங்கும்' என்றுதான் இருந்திருக்கும்.

இதே தகடு கேட் ஸ்லைடிங்காக இருந்தால் காற்று அதைப் பக்கவாட்டில்தான் தள்ளுகிறது. அந்தப் பாரத்தை மேலே இருக்கும் வழிகாட்டி உருளைகளும் தண்டவாளமும் ஏற்றுக்கொள்கின்றன. உராய்வு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஸ்விங் கேட்தான் வேண்டும் என்றால் தகட்டை விட்டுவிட்டுக் கம்பி கேட்டாகவோ, இடைவெளி விட்ட பட்டைகளாகவோ செய்யுங்கள். பார்வை மறைய வேண்டும் என்பதற்காகத் தகடு அடிப்பது மோட்டாரின் ஆயுளில் வந்து விடியும். மோட்டார் மாட்டிய பிறகு, பழைய கம்பி கேட்டின் மேல் பிளாஸ்டிக் ஷீட் கட்டுவதும் இதே பிரச்சினையைத்தான் கொண்டுவரும்.

இரண்டாவது காரணம் தரை. வண்டிப் பாதை உள்ளே போகப் போக மேடாக ஏறினால், உள்பக்கம் திறக்கும் கதவு தரையில் இடிக்கும். கதவை உயர்த்தி மாட்டினால் மூடியிருக்கும்போது கீழே பெரிய சந்து விழும். வெளிப்பக்கம் திறக்க வைத்தால் நடைபாதையில் போகிறவர்களை இடிக்கும், அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்லைடிங் கேட்டுக்கு உள்ளே ஏறும் மேடு ஒரு பொருட்டே இல்லை. அதற்குப் பிரச்சினை தரக்கூடியது குறுக்குச் சாய்வு. தண்டவாளம் ஓடும் திசையில் வெறும் 2 சதவீதம் சாய்ந்திருந்தாலும் 400 கிலோ கேட்டுக்கு 8 கிலோ இழுப்பு கூடும். அதை மோட்டார் சமாளித்துவிடும். ஆனால் கரண்ட் போன நேரத்தில் கேட்டைக் கையால் நகர்த்துவதற்காக மோட்டாரின் பிடியை விடுவித்தால் கேட் தானாக உருண்டு கீழ்ப்பக்கம் போகும். 400 கிலோ தானாக உருள்வது விளையாட்டு இல்லை. ரச மட்டம் வைத்துப் பார்த்து, சாய்வு இருந்தால் தண்டவாளம் போடும்போதே சமன்செய்துவிடுங்கள்.

ஸ்லைடிங்குக்கு இடம் எவ்வளவு வேண்டும்? வாசல் திறப்பின் அகலம், அதோடு அரை மீட்டராவது கூடுதல். 4 மீட்டர் வாசல் என்றால் மதில் ஓரமாக நாலரை மீட்டர், வழியில் குழாய், தொட்டி, படி, மரம் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லாதவர்களுக்கு ஒன்றுக்குள் ஒன்று ஒதுங்கும் இரண்டடுக்கு ஸ்லைடிங் கேட் உண்டு. நகரும் பாகங்கள் கூடும், வெல்டிங் வேலை துல்லியமாக இருக்க வேண்டும். நல்ல பட்டறை கிடைத்தால் மட்டும் போங்கள்.

தண்டவாளத்தில் மண்ணும் சருகும் சேரும் இடமாக இருந்தால், தரையைத் தொடாமல் அந்தரத்தில் ஓடும் கேன்டிலீவர் வகை நல்ல தீர்வு. வாசலைத் தாண்டியும் கேட்டின் நீளத்தில் பாதியளவு பின்னால் வால்போல நீண்டிருக்க வேண்டும், அப்போதுதான் எடை சமநிலையில் நிற்கும். அதற்கான இடமும் அதன் அடித்தளக் கான்கிரீட்டும்தான் செலவு. சரளைக் கல் பாதைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஸ்லைடிங் மோட்டாரை மாட்டும் வேலையில் ஒரு நுணுக்கத்தை மட்டும் நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள். கேட்டின் அடியில் பல்வரிசை கொண்ட ஒரு பட்டை ஓடும், மோட்டாரின் பற்சக்கரம் அதில் கடித்து இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி கேட்டின் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் கேட்டின் எடை மோட்டாரின் அச்சின் மேல் உட்காரும், அதன் பேரிங் சீக்கிரம் உடைந்துபோகும். பட்டைகள் பெரும்பாலும் ஒரு மீட்டர் துண்டுகளாக வரும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் பல்லின் கணக்குத் தவறினால், ஒவ்வொரு முறையும் அங்கே 'டக்' என்று ஒரு தட்டு கேட்கும். தனியாக ஒரு சிறு துண்டுப் பட்டையை இணைப்பின் மேல் எதிர்முகமாக வைத்துப் பல்லோடு பல் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் திருக வேண்டும். இதைச் செய்கிறாரா என்று பார்த்தாலே வேலை செய்பவரின் அனுபவம் தெரிந்துவிடும்.

ஸ்விங் என்று முடிவானால்: எந்தக் கை?

ஸ்விங் மோட்டாரில் மூன்று வகை உண்டு. குழாய்போல நீண்டு சுருங்கும் நேர்கை, முழங்கைபோல மடங்கும் கை, தரைக்கடியில் புதைக்கும் பெட்டி.

எந்தக் கை என்பதைத் தீர்மானிப்பது உங்கள் தூண். நேர்கை வகையில் கையின் பின்முனை தூணில் ஒரு தாங்கியில் மாட்டப்படும். கீலின் மையத்திலிருந்து அந்தத் தாங்கி எவ்வளவு பக்கவாட்டில் இருக்கிறது, எவ்வளவு உள்பக்கம் இருக்கிறது என்று இரண்டு அளவுகள் எடுப்பார்கள். 90 பாகை திறக்க, அந்த இரண்டின் கூட்டுத்தொகை ஏறக்குறைய கை நீளும் தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் நீளும் கை என்றால், பக்கவாட்டில் 15, உள்பக்கம் 15 என்று சமமாகப் பிரிந்தால் கதவு வழுக்கிக்கொண்டு போவதுபோல நகரும். 22, 8 என்று பிரிந்தால் ஒரு முனையில் வேகமாக ஓடும், இன்னொரு முனையில் இழுத்துக்கொண்டு போகும், பிடிமானமும் குறையும்.

இப்போது தூணைப் பாருங்கள். 45 சென்டிமீட்டர் தடிமனான அலங்காரத் தூண், அதன் நடுவில் கீல். கீலிலிருந்து தூணின் உள்முகத்துக்கே 22 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. நேர்கைக்கு அங்கே இடமில்லை. தூணைக் குடைந்து தாங்கியை உள்ளே வைக்கலாம், கீலை உள்முகத்துக்கு நகர்த்தலாம், அல்லது மடங்கும் கைக்குப் போகலாம். மடங்கும் கை பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் தடித்த தூணுக்கு அதுதான் பொருத்தம். தூணை இன்னும் கட்டாதவர்களுக்குச் சொல்கிறேன்: கீலை உள்முக ஓரத்தில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள், பின்னால் எந்த வகையும் பொருந்தும்.

தரைக்கடியில் புதைக்கும் வகைதான் பார்வைக்கு மிக அழகு, மோட்டார் இருப்பதே தெரியாது. ஆனால் அது உட்காரும் குழியில் மழைத் தண்ணீர் இறங்கும். அந்தத் தண்ணீர் தானாக வடிந்து போக, குழியைவிடத் தாழ்ந்த இடத்துக்கு ஒரு குழாய் போயாக வேண்டும். அப்படி ஒரு தாழ்ந்த இடம் உங்கள் மனையில் இல்லை என்றால் இந்த வகையை மறந்துவிடுங்கள். தண்ணீர் புகாத ஐபி 67 தரத்தில் செய்யப்பட்டிருந்தாலும், ஆண்டுக்கணக்கில் சேற்றில் மூழ்கிக் கிடப்பதற்காக யாரும் ஒரு மோட்டாரைச் செய்வதில்லை.

கதவு ஒன்று 2.5 மீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் மின்பூட்டு ஒன்றைத் தனியாகச் சேர்த்துவிடுங்கள். மோட்டாரின் உட்பல் (உள்ளிருக்கும் பற்சக்கரம்) பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் நீளமான கதவின் நுனியைப் பிடித்து ஒருவர் ஆட்டினால் அந்த நெம்பு முழுவதும் உட்பல்லில்தான் போய் விழும்.

வீட்டு மின்சாரமா, 24 வோல்ட்டா, சோலாரா

இந்தப் பகுதியில் என் விருப்பத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு 24 வோல்ட் டிசி மோட்டார். வீட்டு மின்சாரத்திலேயே நேராக ஓடும் ஏசி மோட்டார்கள் எளிமையானவை, முரட்டுத்தனமானவை, கனமான கேட்டையும் இழுத்துவிடும். ஆனால் கரண்ட் போனால் படுத்துவிடும். தொடர்ந்து பல முறை ஓட்டினால் சூடேறி, உள்ளிருக்கும் வெப்பப் பாதுகாப்பு அதை நிறுத்திவிடும், ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்து ஓட்டலாம்தான். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டராக இருந்தால் மோட்டார் உறுமும், இன்னும் சூடாகும். தூய சைன் அலை தருவது வேண்டும்.

24 வோல்ட் மோட்டார் மெல்லப் புறப்பட்டு மெல்ல நிற்கும். கேட்டுக்கும் கீலுக்கும் அதிர்ச்சி குறைவு. முக்கியமான நன்மை வேறு. மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் நொடிக்கு நொடி எவ்வளவு என்று போர்டு, அதாவது மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை, பார்த்துக்கொண்டே இருக்கும். எதிலாவது இடித்தால் மின்னோட்டம் சட்டென்று ஏறும், போர்டு உடனே நிறுத்தித் திருப்பிவிடும். ஏசி மோட்டாரிலும் தடையை உணரும் ஏற்பாடுகள் உண்டு, என்றாலும் இவ்வளவு இயல்பாக அது அமைவதில்லை.

பேட்டரி வைத்துக்கொள்ளலாம் என்பது அடுத்த நன்மை. இரண்டு 12 வோல்ட் சிறு பேட்டரிகளைத் தொடராக இணைத்து மோட்டார் பெட்டிக்குள்ளேயே வைப்பார்கள். ஈய அமிலப் பேட்டரி என்றால் 3 முதல் 5 ஆண்டு. வெயிலில் காயும் பெட்டிக்குள் அதைவிடக் குறைவு. பேட்டரி செத்துப்போனது கரண்ட் போகும் அன்றுதான் தெரியவரும் என்பதால், அவ்வப்போது மெயினை அணைத்துவிட்டுக் கேட்டை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

24 வோல்ட்டில் ஒரு தப்பை மட்டும் செய்யக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரை வீட்டுக்குள் வைத்து, 24 வோல்ட்டை நீளமான வயரில் கேட்டுக்குக் கொண்டுபோவது. 30 மீட்டர் தூரம், 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கிறது என்று கணக்குப் போட்டால், வழியிலேயே 7 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். 24-ல் 7 போனால் மிச்சம் என்ன இழுக்கும்? வீட்டு மின்சாரத்தையே கேட்வரை கொண்டுபோய் அங்கே இறக்குவதுதான் சரி. அந்த வழித்தடத்துக்குத் தனி சுவிட்ச், 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான், கேட்டுக்கும் மோட்டாருக்கும் எர்த் ஆகியவை கட்டாயம். இந்த வேலை எலெக்ட்ரீஷியனுடையது, நாமே செய்து பார்க்க வேண்டியது இல்லை.

சோலார் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. மோட்டார் ஓடும்போதுதான் மின்சாரம் செலவாகிறது என்று நினைத்துப் பேனல் வாங்குகிறார்கள். 24 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், திறக்கவும் மூடவுமாக மொத்தம் 40 விநாடி ஓடினால் 0.8 வாட்-மணிதான் செலவு. ஒரு நாளைக்குப் பத்து முறை என்றாலும் 8. ஆனால் ரிமோட்டின் சிக்னலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும் போர்டும் சென்சாரும் சேர்ந்து வெறும் 50 மில்லிஆம்பியர் குடித்தாலே நாளுக்கு 29 வாட்-மணி ஆகிவிடும். சும்மா இருப்பதற்கான செலவு ஓடுவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே சோலார் என்றால் மோட்டாரின் வாட்டைக் கேட்காதீர்கள், காத்திருக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் எடுக்கும் என்று கேளுங்கள். சோலாருக்கென்றே குறைந்த மின்னோட்டத்தில் தூங்கும் போர்டுகள் உண்டு. எப்போதும் எரியும் கேட் விளக்கு, வைஃபை கருவி, கேமரா எல்லாவற்றையும் அதே பேட்டரியில் தொங்கவிட்டால் எந்தச் சிறு பேனலும் தாங்காது.

வீட்டிலிருந்து கேட் வெகு தூரம், நடுவில் தரையைத் தோண்ட வழியில்லை, நல்ல வெயில் விழும் இடம் என்றால் சோலார் அருமையான தேர்வு. மர நிழலில் இருக்கும் கேட்டுக்கு வேண்டாம். வீட்டிலிருந்து பத்து மீட்டர்தான் என்றால் ஒரு குழாயைப் புதைத்து வயர் இழுப்பது மேல்.

குழந்தைகள் இருக்கும் இடம்

இங்கே பேரம் கூடாது. 2010-ல் பிரிட்டனில் ஒரே வாரத்துக்குள், இரண்டு வெவ்வேறு ஊர்களில், இரண்டு சிறுமிகள் தானியங்கி கேட்டுகளில் நசுங்கி இறந்தார்கள். அவை குடியிருப்புப் பகுதிகளில் தினமும் ஓடிக்கொண்டிருந்த சாதாரண கேட்டுகள். அதற்குப் பிறகு அந்நாட்டின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு தொடர்ந்து எச்சரிக்கைகள் வெளியிட்டது.

ஐரோப்பியத் தரநிலையான இ.என். 12453 சொல்லும் அளவு இது: மூடும் விளிம்பு ஒருவர்மேல் பட்டால் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, முக்கால் விநாடிக்குள் அது 150 நியூட்டனுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். 400 நியூட்டன் என்பது சுமார் 40 கிலோ எடை, 150 என்பது 15 கிலோ. அமெரிக்காவின் யு.எல். 325 தரநிலை 2016 முதல் கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறது: ஆள் சிக்கக்கூடிய இடங்களில் ஒன்றுக்கொன்று சாராத இரண்டு பாதுகாப்புகள் இருக்கின்றனவா, சென்சாரின் வயர் அறுந்தால் போர்டுக்கு அது தெரியுமா? உங்கள் நாட்டில் எந்த விதி இருந்தாலும், இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மின்னோட்டத்தைப் பார்த்து நிறுத்துவது ஒரு பாதுகாப்பு. இரண்டாவது, வாசலின் இரு பக்கமும் வைக்கும் அகச்சிவப்புக் கண். கதிர் அறுந்தால் கேட் நிற்கும் அல்லது திரும்பும். அனுப்புவதும் பெறுவதும் தனித்தனியாக எதிரெதிரே இருக்கும் வகையை வாங்குங்கள். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வகையில் ஒரு பக்கம் வயர் மிச்சம், ஆனால் தூசி படிந்தாலே தகராறு. உயரம் 50 சென்டிமீட்டர் அளவில் வைப்பார்கள். வண்டியின் சக்கரங்களுக்கு நடுவே கதிர் புகுந்து போகாமல் இருக்கிறதா என்று உங்கள் வண்டியை நிறுத்தியே பாருங்கள். காலை வெயிலோ மாலை வெயிலோ பெறும் கண்ணுக்குள் நேராக விழுந்தால் அதற்குக் கண் கூசும், அனுப்புவதையும் பெறுவதையும் இடம் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவதாக, கேட்டின் மூடும் விளிம்பில் ரப்பர் பட்டை ஒன்று. பலர் இதைத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் மிக நம்பகமானதாகத் தெரிகிறது. உள்ளே இரண்டு கடத்தும் பட்டைகள், கடைசி முனையில் 8.2 கிலோ ஓம் மின்தடை ஒன்று. போர்டு எப்போதும் அந்த 8.2-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது அழுத்தினால் பட்டைகள் ஒட்டி மின்தடை சுழியமாகும், கேட் திரும்பும். வயர் அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் ஏறும், அப்போதும் கேட் ஓடாது. கெட்டுப்போனாலும் பாதுகாப்பான பக்கமாகவே கெட்டுப்போகும் இந்த ஏற்பாட்டுக்காகக் கூடுதல் செலவு செய்யலாம்.

ஸ்லைடிங் கேட்டை நான் பரிந்துரைத்தேன், ஆகவே அதன் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கம்பி கேட் தூணைத் தாண்டி நகரும்போது, கம்பிகளுக்கு நடுவே கையையோ தலையையோ விட்டிருக்கும் குழந்தை, கத்தரியில் சிக்குவதுபோலச் சிக்கிக்கொள்ளும். தூணை ஒட்டி நகரும் பகுதி முழுவதையும் ஆள் உயரத்துக்கு நெருக்கமான வலையால் மூடிவிடுங்கள். தண்டவாளத்தின் இரு முனையிலும் வெல்டிங் செய்த இரும்புத் தடுப்பு இருக்க வேண்டும். கடைசி எல்லையில் மோட்டாரை அணைக்கும் சுவிட்ச்தான் நிறுத்திவிடுமே என்று இதை விட்டுவிட்டால், சுவிட்ச் பழுதாகும் நாளில் கேட் உருளைகளை விட்டு வெளியே போய்ச் சாய்ந்துவிடும். ஆளைக் கொல்லும் விபத்து அது.

சுவரில் வைக்கும் பொத்தான், கேட் அருகே நின்று தொட முடியாத தூரத்தில், 2 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நடந்து போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சிறு கதவு வைக்க முடிந்தால் அவசியம் வையுங்கள், பெரிய கேட் ஓடும் எண்ணிக்கையும் பாதியாகக் குறையும். நேரம் வைத்துத் தானாக மூடும் வசதியைக் குழந்தைகளோ செல்லப் பிராணிகளோ உள்ள வீட்டில் நான் இயக்கவே மாட்டேன்.

ரிமோட்டும் போனும்

ரிமோட்டில் ஒரே ஒரு கேள்வி போதும்: அது அனுப்பும் ரகசியக் குறியீடு (கோடு) எப்போதும் ஒன்றேயான நிலையான கோடா, அழுத்தும்போதெல்லாம் மாறும் ரோலிங் கோடா? எட்டு சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளிக் கோடு வைக்கும் பழைய வகையில் மொத்தமே 256 கோடுகள்தான். 2015-ல் சாமி கம்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், குழந்தைகள் விளையாடும் ஒரு செய்தி அனுப்பும் பொம்மையை மாற்றியமைத்து, நிலையான கோடுள்ள கராஜ் கதவுகளை 10 விநாடிக்குள் திறக்க முடியும் என்று காட்டினார். ரோலிங் கோடு மட்டும் வாங்குங்கள். ரிமோட் தொலைந்தால் அதை மட்டும் நினைவகத்திலிருந்து நீக்க முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன் வழியாகத் திறப்பது கூடுதல் வசதி, அதை மட்டுமே நம்பக் கூடாது. இணையம் போகும், செயலியை நடத்தும் நிறுவனம் சேவையை நிறுத்தும். சிம் போட்டு, போன் அடித்தால் திறக்கும் கருவி வாங்குகிறவர்கள் அது 4ஜி-யில் இயங்குகிறதா என்று பாருங்கள். பல நாடுகள் 2ஜி அலைவரிசையை மூடிவிட்டன, அதை நம்பிய கருவிகள் ஒரே நாளில் ஊமையாகின.

நாமே மாட்டுவதா, ஆளை வைப்பதா

கேட் நல்ல நிலையில் இருந்து, தூண் ஓரத்தில் கீல் இருந்து, மின்சாரம் ஏற்கெனவே வந்திருந்தால், நேர்கை ஸ்விங் மோட்டாரைக் கையில் கருவிகள் உள்ளவர் தாமே மாட்டிவிடலாம். ஸ்லைடிங்குக்குக் கான்கிரீட் பீடம், பல்பட்டை, தண்டவாளச் சமன் எல்லாம் சேர்ந்து வருவதால் பழகிய கை வேண்டும். யார் செய்தாலும், தரை வேலைக்கு முன் பாதையின் குறுக்கே இரண்டு குழாய்களைப் புதைத்துவிடுங்கள், ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று சிக்னல் வயருக்கு. இரண்டையும் ஒரே குழாயில் இழுத்தால் சிக்னல் குழம்பும். போர்டு இருக்கும் பெட்டியில் வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிடச் சொல்லுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே குடிபோய்ப் போர்டு எரிவது சாதாரணமாக நடப்பது.

வேலை முடிந்ததாகச் சொல்லும் நாளில், கேட் மூடும்போது குறுக்கே ஓர் அட்டைப் பெட்டியை வையுங்கள். நசுக்காமல் திரும்ப வேண்டும். அகச்சிவப்புக் கண்ணை மறையுங்கள், கேட் நிற்க வேண்டும் அல்லது திரும்ப வேண்டும். பிறகு மெயினையும் பேட்டரியையும் துண்டித்துவிட்டு, விடுவிக்கும் சாவியால் கேட்டைக் கையில் திறக்கச் சொல்லுங்கள். வேலை செய்தவர் திறந்தால் போதாது, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் திறந்து பார்க்க வேண்டும். அந்தச் சாவியில் ஒன்று கேட்டுக்கு வெளியிலிருந்தும் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். இதெல்லாம் நடந்து முடியும்வரை கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள்.